பதினொரு லட்சத்துக்குள் ஓட்ட ஆசைப்படும் கார்: ஸ்விஃப்ட், ஐ20 என் லைன், கைலாக், பழைய போலோ

காரவள்ளியில் தொடங்கிக் கொல்லிமலை ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதிய பலகை நிற்கிறது. நாமக்கல்லில் குடியிருக்கும் எனக்கு, ஒரு கார் ஓட்டுவதற்கு இன்பமானதா இல்லையா என்பதைக் கண்டறிய இதைவிட நல்ல அளவுகோல் வேறெதுவும் இல்லை. நேர்ச்சாலையில் எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். முப்பதாவது வளைவில், முன்னே ஒரு பேருந்து முக்கி ஏறிக்கொண்டிருக்க, பின்னிருக்கையில் அம்மாவும் பிள்ளைகளும் அமர்ந்திருக்க, ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பிக்கொண்டே வேகத்தை விடாமல் மேலேறும்போதுதான் ஒரு காரின் உண்மையான குணம் வெளிப்படும்.

ஒன்பது ஆண்டுகளாக வைத்திருந்த காரை மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, எனக்கு நானே மூன்று நிபந்தனைகளை வைத்துக்கொண்டேன். வரி, காப்பீடு எல்லாம் கட்டிக் கார் சாலைக்கு வரும்போது 11 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காரணமே இல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தோன்ற வேண்டும். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகும்போது நடுவழியில் நின்றுவிடக் கூடாது. இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் கார்கள் நம் சந்தையில் அதிகம் இல்லை. தேடித் தேடி வடிகட்டியதில் மாருதி சுசுகி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20 என் லைன், ஸ்கோடா கைலாக், பழைய வண்டியாக வாங்கக்கூடிய ஃபோக்ஸ்வேகன் போலோ என நான்கு மிஞ்சின. நான்கிலும் கையால் கியர் மாற்றும் வகையை மட்டுமே எடுத்துக்கொண்டேன். ஓட்டும் இன்பத்தைத் தேடுபவர், அதிலும் செலவைக் கணக்கிட்டுத் தேடுபவர், இந்த விலையில் தானியங்கி கியருக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதை நான் ஏற்கவில்லை.

கார்களுக்குள் நுழையும் முன் வரியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்; ஏனெனில் நம் மாநிலத்தில் இந்தத் தேர்வைப் பாதி தீர்மானிப்பது அதுதான். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாமலும் பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்கு மிகாமலும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதைத் தாண்டிய கார்களுக்கு 40 சதவீதம். இங்கே நான் ஒப்பிடும் மூன்று புதிய கார்களும் 18 சதவீத வரிக்குள் வருகின்றன. இதே பட்டியலில் நான் ஆசையோடு சேர்த்திருந்த ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் நீளத்தாலேயே வெளியே போயிற்று.

அடுத்தது தமிழ்நாட்டின் ஆயுள்கால வரி. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள புதிய காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். இந்தப் படியின் உயரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 9,90,000 ரூபாய் விலையுள்ள காருக்கு வரி 1,28,700 ரூபாய். 10,20,000 ரூபாய் விலையுள்ள காருக்கு 1,83,600 ரூபாய். ஷோரூமில் முப்பதாயிரம் ரூபாய் மட்டுமே கூடுதல் என்று காட்டப்படும் மேல்வகை, உண்மையில் எண்பத்தைந்தாயிரம் ரூபாய் கூடுதலாகிறது. பத்து லட்சத்தைத் தாண்டினால் மூலத்தில் பிடிக்கப்படும் ஒரு சதவீத வருமான வரியும் சேர்ந்துகொள்ளும். அதைக் கணக்குத் தாக்கலின்போது திரும்பப் பெறலாம் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான். ஆகவே எந்தக் காரின் எந்த வகையைப் பார்த்தாலும் பத்து லட்சம் என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதையே நான் விதியாக வைத்துக்கொண்டேன்.

ஸ்விஃப்ட்டிலிருந்து தொடங்குகிறேன், 2005இல் அந்தப் பெயர் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து, சாதாரணக் குடும்பத்தில் கார் ஓட்டப் பிரியமுள்ளவர்களுக்கு அதுதான் முதல் காதல். 2024 மே மாதம் வந்த நான்காம் தலைமுறை என் மைத்துனரிடம் இருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 920 கிலோ. இந்த ஒரு எண்ணில்தான் அந்தக் காரின் இனிமை முழுவதும் அடங்கியிருக்கிறது. எடை குறைந்த காரில் பிரேக்கை லேசாகத் தொட்டாலே போதும், முன்பகுதி உடனே திரும்பும், வளைவிலிருந்து வெளிவரும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதுபோன்ற உணர்வு வராது. 40 கிலோமீட்டர் வேகத்தில்கூட ஏதோ ஒன்றைச் செய்கிறோம் என்ற மகிழ்ச்சி கையில் தெரியும். நம் சாலைகளில் சட்டப்படியும் பாதுகாப்பாகவும் போகக்கூடிய வேகத்திலேயே இன்பம் கிடைக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து; அந்த வகையில் ஸ்விஃப்ட் இன்றும் முன்வரிசைக் கார்.

ஆனால் எஞ்சின் விஷயத்தில் மனம் முழுவதுமாக ஒப்பவில்லை. முந்தைய தலைமுறையின் நான்கு சிலிண்டர் எஞ்சின் 90 பிஎஸ் (குதிரைத்திறன்) தந்தது. இப்போதைய மூன்று சிலிண்டர் எஞ்சின் 82 பிஎஸ் தருகிறது. எண்ணைவிட முக்கியமானது அதன் தன்மை. பழைய எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேலும் உற்சாகமாகப் பாடிக்கொண்டு ஏறும். புதியது கீழ்ச் சுற்றுகளில் நகர ஓட்டத்துக்கு இதமாக இருந்துவிட்டு மேலே போகப்போகச் சத்தத்தை மட்டுமே கூட்டுகிறது. மைலேஜுக்காகச் செய்யப்பட்ட மாற்றம் இது. சோதனைச் சான்றின்படி லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர். தனியாக ஓட்டியபோது கொல்லிமலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. நான்கு பேரும் பைகளுமாக ஏறியபோது, குறுகலான வளைவுகளில் இரண்டாம் கியரில் எஞ்சின் திணறி, முதல் கியருக்கு இறங்க வேண்டியதாயிற்று. அதன் உச்ச இழுவையான 112 நியூட்டன் மீட்டர் 4,300 சுற்றில்தான் கிடைக்கிறது. கொண்டை ஊசி வளைவிலோ எஞ்சின் 1,500 சுற்றுக்கு அருகில் விழுந்துவிடும். வளைவுக்கு வளைவு இப்படி முதல் கியரும் இரண்டாம் கியருமாக மாற்றிக்கொண்டிருப்பது இருபது வயதில் இன்பம். அம்மாவுக்குத் தலைசுற்றல் உள்ள வீட்டில் அப்படியில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முந்தைய தலைமுறை ஸ்விஃப்ட்டுக்கு 2022இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்துக்கு ஒரு நட்சத்திரமே கிடைத்தது. இப்போதைய காரில் ஆறு ஏர்பேக்குகளும், வண்டி வழுக்காமல் காக்கும் இஎஸ்பியும் எல்லா வகையிலும் வருவது நல்ல முன்னேற்றம். பழைய வண்டியாக ஸ்விஃப்ட் வாங்க நினைப்பவர்கள், உற்சாகமான எஞ்சின் வேண்டும் என்பதற்காக மட்டும் முந்தைய தலைமுறைக்குப் போவதற்கு முன் அந்த ஒற்றை நட்சத்திரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஐ20 என் லைன் வேறு விதமான கார். சாதாரண ஐ20யின் உடலுக்குள் 998 சிசி டர்போ (காற்றை அழுத்தி ஊட்டித் திறனைக் கூட்டும்) எஞ்சினை வைத்து, சஸ்பென்ஷனை இறுக்கி, ஸ்டீயரிங்குக்குக் கனம் கூட்டி, நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்து, புகைபோக்கியின் ஒலியையும் மாற்றி 2021இல் இதைக் கொண்டுவந்தார்கள். அப்போது கிளட்ச் மிதி இல்லாத ஐஎம்டி என்ற கியர் முறைதான் இருந்தது. 2023இல் அதை நீக்கிவிட்டு முறையான ஆறு கியர் மேனுவலைக் கொடுத்தார்கள். என்னைப் போன்றவர்கள் இந்தக் காரைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். ஆகவே பழைய வண்டியாக இதைத் தேடுபவர்கள் 2023 செப்டம்பருக்குப் பிந்தையதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அலுவலக நண்பரின் காரை அவரே பக்கத்தில் உட்கார்ந்திருக்க மலைக்கு ஓட்டிப் போனேன். 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். அந்த இழுவை 1,500 சுற்றிலிருந்தே தொடங்கிவிடுகிறது. ஸ்விஃப்ட்டில் முதல் கியர் கேட்ட அதே வளைவுகளில் இது இரண்டாம் கியரிலேயே, ஒரு நொடி யோசித்துவிட்டு, இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. அந்த ஒரு நொடிதான் டர்போ விழித்துக்கொள்ளும் நேரம். பழகிவிட்டால் வளைவின் நடுவிலேயே ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தத் தொடங்கிவிடுவோம். வளைவில் வண்டி சாய்வது மிகக் குறைவு. பின்னிருக்கையிலிருந்த என் மகள், மலை ஏறும்போது வழக்கமாகச் சொல்லும் ‘வாந்தி வருது’ என்ற சொல்லை அன்று சொல்லவில்லை. இறுக்கமான சஸ்பென்ஷனுக்கு விலையும் உண்டு: சேந்தமங்கலம் கடைவீதியின் ஒட்டுப்போட்ட தாரில் ஒவ்வொரு மேடும் முதுகுக்குத் தெரிந்தது. வேகத்தடைகளில் அடி தட்டவில்லை என்றாலும் கவனத்தோடுதான் ஏற வேண்டியிருந்தது.

எஞ்சின் புதிதன்று என்பது எனக்கு நிம்மதி தந்தது. இதே குடும்பத்து ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் 2019 முதல் வென்யூ காரிலும் ஓடுகிறது. ஆகவே உள்ளூர் மெக்கானிக்குகள் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், உதிரிபாகங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கார் தயாராவதும் ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஆலையில்தான். இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர் உள்ள வகையும் உண்டு. ஆனால் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை கியர்பெட்டிகள் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடேறும் இயல்புடையவை என்பதால், பத்து ஆண்டுகள் வைத்திருக்க நினைக்கும் எனக்கு மேனுவல்தான் பொருத்தம். இதன் 2022 குளோபல் என்கேப் முடிவு மூன்று நட்சத்திரம். அப்போது சோதிக்கப்பட்டது இரண்டு ஏர்பேக் கொண்ட சாதாரண ஐ20. இப்போது என் லைனில் ஆறும் வருகின்றன. வரிக்குறைப்புக்குப் பின் இதன் தொடக்கவகையான என்6 மேனுவலின் எக்ஸ் ஷோரூம் விலை (ஆயுள்கால வரியும் காப்பீடும் சேராத விலை) ஒன்பது லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. மேல்வகையான என்8 பத்து லட்சக் கோட்டைத் தாண்டிவிடுவதால் அதை நான் தொடவில்லை.

அதிகம் குழம்பியது கைலாக்கில்தான். 2024 இறுதியில் வந்த இந்தக் கார், தோற்றத்தில் சிறிய எஸ்யூவி. ஆனால் அடித்தளம் ஸ்கோடாவின் பெரிய கார்களான குஷாக், ஸ்லாவியாவினுடையது. எல்லா வகையிலும் ஒரே எஞ்சின்: 999 சிசி டர்போ, 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர். இந்த எஞ்சினை விலை குறைந்த வகையிலேயே கொடுத்ததுதான் ஸ்கோடா செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன். வரிக்குறைப்புக்குப் பின் அதன் தொடக்கவிலை ஏறத்தாழ ஏழரை லட்சமாக இருந்தது. இந்தியாவின் மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் 2025 ஜனவரியில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இந்த ஒரு செய்தியே போதுமானது என்று சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன்.

இந்தக் காரைக் கொல்லிமலைக்கு ஓட்டிப் போக வாய்க்கவில்லை. ஷோரூமில் கொடுத்த ஒரு மணி நேரத்தில் சேலம் புறவழிச்சாலையிலும் ஏற்காடு அடிவாரத்துக்கு மேல் சில வளைவுகளிலும்தான் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் அது நிற்கும் உறுதி மற்ற மூன்றிலும் இல்லாதது. லாரியைத் தாண்டும்போது காற்று தள்ளுவதே தெரியவில்லை. வளைவுகளிலும் உயரமான கார் என்ற எண்ணத்தைப் பெருமளவு மறக்கச் செய்தது, முழுவதும் அல்ல. எடை 1,200 கிலோவைத் தாண்டுகிறது. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று வகுத்தால் ஸ்விஃப்ட்டுக்கு 89, கைலாக்குக்கு ஏறத்தாழ 94, அதாவது பெரிய எண்ணாகத் தெரியும் 115 பிஎஸ்ஸின் பெரும்பகுதியை எடை தின்றுவிடுகிறது. இழுவையை வகுத்தால்தான் வித்தியாசம் தெரியும்: ஸ்விஃப்ட்டுக்கு டன்னுக்கு 122 நியூட்டன் மீட்டர், கைலாக்குக்கு 146. ஆகவே இது விரட்டி ஓட்டி மகிழும் காரைவிட, தயக்கமில்லாமல் முன்னேறும் கார் என்பதே பொருத்தமான விவரிப்பு. தரையிலிருந்து 189 மில்லிமீட்டர் உயரம் இருப்பதால் கிராமத்துப் பாதைகளில் மனம் பதறாது என்பதும் ஒரு வகை இன்பம்தான்.

பழைய போலோவைப் பற்றி எழுதும்போது என் குரல் கொஞ்சம் மாறும். அந்தக் காரின் மீது எனக்குப் பல ஆண்டுகளாகப் பிரியம் உண்டு. 2010இல் இந்தியாவுக்கு வந்து, புனே அருகே சக்கனில் தயாராகி, 2022இல் விடைபெற்ற கார் அது. கதவைச் சாத்தும்போது எழும் அந்தத் திடமான ‘தொப்’ ஒலிக்காகவே வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தேட வேண்டியது 2020 முதல் 2022 வரையிலான 1.0 டிஎஸ்ஐ (ஒரு லிட்டர் டர்போ), ஆறு கியர் மேனுவல், 110 பிஎஸ். அதற்கு முந்தைய ஜிடி டிஎஸ்ஐயில் வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி தானியங்கிப் பெட்டி ஓட்டுவதற்கு அற்புதமானது. ஆனால் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் அதன் மெக்கட்ரானிக்ஸ் பகுதியில் பழுது வந்தால் செலவு லட்சத்தைத் தொடும், அதுவும் அந்தக் காரின் வயது கூடக்கூட நெருங்கி வரும் ஆபத்து. பழைய ஜிடியின் மீது மோகம் கொண்டவர்கள் அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வாங்கட்டும்.

சேலத்தில் ஒருவரிடம் 2021 மாடல் போலோவைப் பார்த்தேன். ஸ்டீயரிங் பேசியது. ஒரு சக்கரம் மணலில் ஏறினால் அது உள்ளங்கைக்குத் தெரிந்தது. நான்கிலும் இதில்தான் சாலையும் நானும் மிக நெருக்கமாக இருந்தோம். இருந்தும் வாங்காமல் திரும்பியதற்குக் காரணங்கள் உண்டு. பின்னிருக்கையில் கால்நீட்ட இடம் போதாது. வளரும் பிள்ளைகள் இன்னும் ஐந்தாண்டில் அதில் அமர முடியாது. இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்கள் அந்தக் கலவையை முன்னிட்டு வடிவமைக்கப்படவில்லை என்பதால் ரப்பர் குழாய்களையும் எரிபொருள் பம்பையும் அவ்வப்போது கவனிக்க வேண்டும். பயிற்சி பெற்ற கையால் சோதிக்காமல் வாங்கவும் கூடாது: குளிர்ந்த எஞ்சினை முதல் முறை இயக்கும்போது வரும் ஒலி, கூலன்ட் பாட்டிலின் மூடியடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்பது, சர்வீஸ் பதிவேட்டில் விடுபட்ட ஆண்டுகள் ஆகிய மூன்றையும் நான் முதலில் பார்ப்பேன். பெங்களூரிலோ கொச்சியிலோ விலை குறைவு என்று வாங்கி வருபவர்கள் அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று இங்கே மீண்டும் ஆயுள்கால வரி கட்ட வேண்டும் என்பதையும், கடன் நிலுவை தீர்ந்ததற்கான படிவம் 35 கையில் இருக்கிறதா என்பதையும் மறக்கக்கூடாது. இவை எல்லாம் சரியாக அமைந்து, வீட்டில் இன்னொரு காரும் இருக்கும் ஒருவருக்கு, ஓட்டும் இன்பம் என்ற ஒரே அளவுகோலில் போலோதான் முதலிடம்.

வேறு சிலவற்றையும் பார்த்தேன். மாருதி ஃப்ராங்ஸின் ஒரு லிட்டர் டர்போ நல்ல எஞ்சின், ஆனால் ஸ்டீயரிங்கில் உயிரில்லை. டாடா அல்ட்ராஸ் ரேசர் 2024இல் ஆசை காட்டி மறு ஆண்டே பட்டியலிலிருந்து போய்விட்டது. மறைமலைநகர் ஆலை 2022இல் ஓய்ந்த பிறகு ஃபோர்டின் பழைய கார்களைப் பத்தாண்டு நோக்கில் வாங்க எனக்குத் துணிவில்லை, ஃபிகோவின் ஸ்டீயரிங்கை எவ்வளவு புகழ்ந்தாலும்.

நம்பகத்தன்மை என்ற சொல்லை நாம் காரின் குணமாக மட்டுமே பார்க்கிறோம். அது நாம் வாழும் ஊரின் குணமும்கூட. என் முந்தைய கார், எந்த நிறுவனத்தினது என்பது இங்கே தேவையற்றது, ஒருநாள் கிளம்ப மறுத்தது. பழுது பெரிதன்று, கட்டைவிரல் அளவுள்ள ஒரு சென்சார். ஆனால் அந்தச் சென்சார் இந்த ஊரில் இல்லை, அடுத்த ஊரிலும் இல்லை; வெளிமாநிலக் கிடங்கிலிருந்து வந்து சேரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அதுவரை வண்டி சர்வீஸ் நிலையத்தின் மூலையில் தூசி படிந்து நின்றது; பிள்ளைகளைப் பள்ளிக்கு நான் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல்லில் எந்த எஞ்சினையும் பிரித்துக் கோக்கத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பாகமே இல்லாமல் எந்தக் கையும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த அளவுகோலில் மாருதிக்கு நிகர் கிடையாது. சிறு நகரங்கள்வரை பரவிய சர்வீஸ் வலையும் பழகிய மெக்கானிக்குகளும் அதன் பலம். அடுத்து ஹூண்டாய். ஸ்கோடாவின் சர்வீஸ் நிலையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலும் பெரிய மாவட்டத் தலைநகரங்களிலும்தான். எனக்கு ஒவ்வொரு சர்வீஸும் ஒரு முழு நாள் பயணம். கோவையிலோ சென்னையிலோ வாழ்பவருக்கு இந்தக் குறையே இல்லை, அவர் தயங்காமல் கைலாக்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

டர்போ எஞ்சின்களை எடுப்பவர்கள் பராமரிப்பில் இரண்டு பழக்கங்களை ஏற்க வேண்டும். மலையேறி முடித்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடமாவது எஞ்சினை ஓடவிட்டால், சூடேறிய டர்போவின் அச்சுக்கு எண்ணெய் போய்க்கொண்டிருக்கும். எண்ணெய் மாற்றுவதை ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்விஃப்ட்டின் டர்போ இல்லாத எளிய எஞ்சின் இந்தக் கவனக்குறைவுகளைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும்.

பெட்ரோல் செலவைச் சான்றிதழ் மைலேஜை வைத்துக் கணக்கிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் ஸ்விஃப்ட் 17, டர்போ கார்கள் 13 கிலோமீட்டர் கொடுப்பதாக எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு ஸ்விஃப்ட் 706 லிட்டரும் மற்றவை 923 லிட்டரும் குடிக்கும். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 ரூபாய் வித்தியாசம். மறுபக்கத்தில் ஒரு சிறு ஆறுதல்: புதிய காருக்குக் கட்டாயமான மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 1,000 சிசி வரை 6,521 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 10,640 ரூபாய், திறன் கூடிய டர்போ கார்கள் சிறிய எஞ்சின் என்பதால் முதல் பிரிவிலும், 1,197 சிசி ஸ்விஃப்ட் இரண்டாம் பிரிவிலும் வருகின்றன. ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் தனியாக ஓட்டுபவராக நான் இருந்திருந்தால் இந்தக் கணக்கோடு பேச்சை முடித்து ஸ்விஃப்ட்டின் நடுவகையை வாங்கியிருப்பேன். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர்களும் நீட்டித்த உத்தரவாதமும் வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகவும் இருந்திருப்பேன்.

என் நிலைமை வேறு. பாதி நாட்கள் நான்கு பேர், மாதம் ஒருமுறை மலை, அருகில் சர்வீஸ் வேண்டும், பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். இவற்றை எல்லாம் அடுக்கிப் பார்த்தபோது ஐ20 என் லைனின் என்6 மேனுவல் முன்னே வந்தது. பாதுகாப்பில் கைலாக்குக்குப் பின்னால் என்பதை அறிந்தே இந்த முடிவுக்கு வந்தேன். அந்தத் தயக்கம் இன்னும் முழுவதுமாக விலகவில்லை என்பதும் உண்மை. ஒன்பது லட்சத்துக்குச் சற்று மேல் விலை, 13 சதவீத வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து பதினோரு லட்சத்துக்குள் அடங்கியது.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை மிச்சமிருந்தது. ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் காரை மறுபடியும் கேட்டு வாங்கி, அம்மாவைப் பின்னிருக்கையில் உட்கார வைத்து, எங்கள் தெருவின் குழிகள் வழியாகவும் ரயில்வே கேட் வழியாகவும் மெதுவாக ஓட்டினேன். டயர்களில் காற்று அளவுக்கு மீறி இருந்ததைக் கவனித்து, கதவோரம் ஒட்டியிருந்த அட்டையில் உள்ள அளவுக்குக் குறைத்துவிட்டு இன்னொரு சுற்றும் போனேன். முதல் சுற்றில் முதுகில் தட்டிய மேடுகள் இரண்டாம் சுற்றில் பாதியாகின. இறங்கும்போது அம்மா, உட்காரும் இடம் சரியாக இருக்கிறது, ஏறி இறங்கத்தான் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது என்றார். கைலாக்கின் உயரமான இருக்கையில் அவருக்கு அந்தச் சிரமம் இருந்திருக்காது. மாதத்துக்கு நான்கைந்து முறைதானே ஏறப்போகிறேன் என்று அவரே சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.